செய்திக்குறிப்பு போதாதா? சமூக ஊடகத்தில் இறங்கித்தான் ஆகவேண்டுமா?

கேள்வி
ஜூன் 3, காலை 10:12

எங்கள் நிறுவனத்தில் அறுபது பேர். மக்கள் தொடர்புக்கென்று ஒருவர் இருக்கிறார். புதுப் பொருள் வந்தால் செய்திக்குறிப்பு எழுதி அனுப்புவார், இரண்டு மூன்று பத்திரிகைகளில் வரும், வெட்டி ஃபைலில் வைப்போம். இத்தனை வருடம் இதிலேயே வண்டி ஓடிவிட்டது. இப்போது ஆபீசில் இளசுகள் ஒரே நச்சரிப்பு, ஃபேஸ்புக்கில் வா, இன்ஸ்டாகிராமில் வா என்று. என் கட்சி இதுதான்: அங்கே கணக்கு வைத்தால், வந்து திட்டுவதற்கு நாமே சுவர் கட்டிக் கொடுத்த மாதிரி. கணக்கே இல்லையென்றால் எங்கே வந்து திட்டுவார்கள்? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பானேன்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 3, பிற்பகல் 1:47

சங்கு சும்மா கிடக்கிறது என்று யார் சொன்னது?

ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் நிறுவனத்தின் பெயரைப் போட்டு ஃபேஸ்புக்கிலும் யூடியூபிலும் தேடுங்கள். சரியான எழுத்துக்கூட்டலில் ஒருமுறை, ஜனங்கள் அவசரத்தில் அடிக்கிற தப்பான எழுத்துக்கூட்டலில் இரண்டு முறை. அப்புறம் கூகுள் மேப்பில் உங்கள் ஆபீசுக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த இடத்தையே நீங்கள் ஆரம்பித்திருக்க மாட்டீர்கள், யாரோ ஒரு வழிப்போக்கர் குறித்துவைத்துவிட்டுப் போயிருப்பார். பார்த்துவிட்டு வாருங்கள், மீதியைப் பேசலாம்.

ஜூன் 3, இரவு 11:20

மதியம் அவசரத்தில் எழுதியது கொஞ்சம் வெடுக்கென்று இருந்திருக்கும். நீங்கள் சொல்கிற அதே வாதத்தை ஆறு வருடம் நானே சொல்லிக்கொண்டு திரிந்தவன், அந்தக் கடுப்புதான்.

வீட்டு உபயோகப் பொருள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் மக்கள் தொடர்புப் பிரிவில் இருந்தேன். பெயர் வேண்டாம். ஃபேஸ்புக் பக்கம் என்று ஒன்று இருந்தது, அதன் பாஸ்வேர்டு விளம்பர ஏஜென்சியில் ஒரு பையனிடம் இருந்தது, வாரம் ஒரு வாழ்த்துப்படம் போடுவான். கமென்டுகளை யாரும் படித்ததாக நினைவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி வாக்கில் ஒரு பெண்மணி 40 விநாடி வீடியோ ஒன்றைப் போட்டார். எங்கள் வாட்டர் ஹீட்டர். அடியில் ஒரு வால்விலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கீழே ஒரு பச்சை வாளி. வாளியிலிருந்து ஒரு கை தூரத்தில் ப்ளக் பாயின்ட், அதை கேமரா மெதுவாகப் போய்க் காட்டுகிறது. பின்னணியில் அவர் குரல்: "மூன்று தடவை போன் செய்தேன், மூன்று கம்ப்ளெய்ன்ட் நம்பர் கொடுத்தார்கள்." அவ்வளவுதான். திட்டவே இல்லை.

நான் மூன்று வரியில் ஒரு பதில் எழுதினேன். சர்வீஸ் மேனேஜர் அதிலிருந்து 'கசிவு' என்ற வார்த்தையை எடுத்தார். சட்டப் பிரிவு 'மன்னிக்கவும்' என்பதை எடுத்தது, அது ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடுமாம். விற்பனைப் பிரிவு சும்மா இருக்குமா, 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்று கடைசியில் ஒட்டவைத்தது. எம்.டி. மீட்டிங்கில் இருந்தார். மாலை ஆறரை மணிக்கு வெளியே போனது இது: "சில வாடிக்கையாளர்களுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய அசௌகரியம் எங்கள் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளது." அதற்குள் அந்த வீடியோவுக்குக் கீழே 200 கமென்ட் தாண்டிவிட்டது. அதே மாடல் வைத்திருந்தவர்கள் அவரவர் வாளியைப் படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சிவப்பு வாளி, நீல வாளி, ஒருவர் ஊறுகாய் ஜாடி.

எங்களைக் காப்பாற்றியது எங்கள் அறிக்கை கிடையாது. சர்வீஸ் பிரிவில் ஓய்வுபெற ஒரு வருடம் இருந்த ஒரு இன்ஜினீயர், யாரையும் கேட்காமல், தன் சொந்தக் கணக்கிலிருந்து மதியம் இரண்டரைக்கு எழுதினார்: "அம்மா, முதலில் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு ப்ளக்கைப் பிடுங்குங்கள். அப்புறம் ஹீட்டருக்குள் தண்ணீர் வருகிற குழாயை மூடுங்கள். சொட்டுவது பிரஷர் வால்வு. தண்ணீர் சூடாகும்போது இரண்டு சொட்டு விட்டால் அது அதனுடைய வேலை. நாள் முழுக்க விட்டால் வால்வு போய்விட்டது, இல்லை உங்கள் வீட்டுத் தண்ணீர் அழுத்தம் அதிகம். பக்கவாட்டில் ஸ்டிக்கரில் மாடல் நம்பர் இருக்கும், ஒரு படம் போடுங்கள். நாளைக் காலை ஆள் வரும், வராவிட்டால் நான் வருகிறேன்."

அதற்குக் கீழே இருந்த தொனியே மாறிவிட்டது. எங்கள் வீட்டிலும் பாருங்கள் சார், எங்கள் வீட்டிலும் பாருங்கள் சார் என்று ஒரே வரிசை.

விதியை மீறி வெளியாட்களிடம் நிறுவனம் சார்பாகப் பேசியதற்கு விளக்கம் கேட்டு அவருக்குக் கடிதம் போனது. அதன் நகல் எனக்கும் வந்தது. இன்னும் வைத்திருக்கிறேன்.

ஜூன் 4, காலை 8:05

"கணக்கே இல்லையென்றால் எங்கே வந்து திட்டுவார்கள்" என்பதற்குத் தனியாக ஒரு பதில். 2004 செப்டம்பர். ஃபேஸ்புக் பிறந்து சில மாதம்தான், அமெரிக்கக் கல்லூரிகளைத் தாண்டவில்லை. யூடியூப் இல்லை, ட்விட்டர் இல்லை. கிரிப்டோனைட் என்று சைக்கிள் பூட்டு நிறுவனம், பூட்டு உலகத்தில் பெரிய பெயர். அதன் வட்டச் சாவிப் பூட்டை ஒரு சாதாரண பால்பாயின்ட் பேனாவின் குழலைச் செருகித் திருப்பினால் திறந்துவிடலாம் என்று இணையத்தில் ஒரு சைக்கிள்காரர் எழுதினார். கூடவே வீடியோக்களும் சுற்ற ஆரம்பித்தன. சில நாட்களில் நியூயார்க் டைம்ஸ் வரை போய்விட்டது. கடைசியில் பழைய பூட்டைக் கொடுத்துப் புதுப் பூட்டை இலவசமாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று நிறுவனம் அறிவிக்கவேண்டியதாயிற்று. யாரும் கிரிப்டோனைட்டின் சுவரில் போய் எழுதவில்லை, அப்படி ஒரு சுவரே இல்லை. இணையத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் நிறுவனம் தூங்கியதுதான் காரணம்.

ஜூன் 4, மாலை 6:31

காலையில் எழுதியதில் கடைசி வரி தப்பு. அழிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும்.

கிரிப்டோனைட் தூங்கவில்லை. அவர்களுடைய மக்கள் தொடர்பு மேலாளரே பின்னால் விளக்கியிருக்கிறார்: இணையத்தில் பேச்சு கிளம்பியதுமே அவர்களுக்குத் தெரியும். இத்தனை நாடுகளில் பரவிக்கிடக்கிற பூட்டை எப்படித் திரும்பப் பெறுவது, மாற்றுப் பூட்டை எப்படி அனுப்புவது என்று உள்ளே ராப்பகலாக வேலை நடந்துகொண்டிருந்தது. வெளியே பேசவில்லை, அவ்வளவுதான். முழுத் திட்டமும் கையில் வந்ததும் பேசலாம் என்று இருந்துவிட்டார்கள். "நிறுவனம் கண்டுகொள்ளவே இல்லை" என்ற கதைதான் நிலைத்தது. நானே இருபது வருடம் கழித்து இன்று காலை அதே கதையை இங்கே திருப்பி எழுதினேன் பாருங்கள்.

இது தூங்கினவன் கதையைவிட மோசம். வேலையையும் செய்து, காசையும் செலவழித்து, கெட்ட பெயரையும் வாங்கிக்கொள்வது. "தெரியும், பார்த்துக்கொண்டிருக்கிறோம், நாளை மறுநாள் சொல்கிறோம்" என்று ஒரு வரி போடுவதற்கு ஒரு இடம் அவர்களிடம் இல்லை. செய்திக்குறிப்பில் அப்படி ஒரு வரியை எழுதி அனுப்ப முடியாது, எந்த எடிட்டரும் போடமாட்டார். சமூக ஊடகத்தில் அந்த ஒரு வரியே ஒரு முழுப் பதிவு.

ஜூன் 5, காலை 7:50

"அப்படியென்றால் செய்திக்குறிப்பைத் தூக்கிப் போட்டுவிடலாமா" என்று தனியாக ஒருவர் கேட்டிருந்தார். தூக்கிப் போடவேண்டாம். அது பிறந்த கதையைக் கேளுங்கள், உங்களுக்குத்தான் இடிக்கும்.

1906 அக்டோபர் கடைசியில் அட்லாண்டிக் சிட்டி பக்கம் பென்சில்வேனியா ரயில்வேயின் ரயில் ஒன்று பாலத்திலிருந்து தண்ணீருக்குள் விழுந்தது. அந்தக் காலத்தில் ரயில் கம்பெனிகள் விபத்து என்றால் மூடி மறைப்பதுதான் வழக்கம். ஐவி லீ என்பவர் அவர்களுடைய ஆலோசகர். அவர் என்ன செய்தார் என்றால், நடந்ததைக் கம்பெனியின் வாயாலேயே எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார், நிருபர்களை ஸ்பாட்டுக்கே வரச்சொன்னார். நியூயார்க் டைம்ஸ் அதை வரிமாறாமல் வெளியிட்டது. உலகின் முதல் செய்திக்குறிப்பு என்று பாடப்புத்தகங்கள் இதைத்தான் சொல்கின்றன. ஊர் பேசுவதற்கு முன்னால் நாமே போய்ப் பேசிவிடுவது, அதற்காகப் பிறந்த காகிதம் அது. அன்றைக்கு ஊர் பேசிய இடம் பத்திரிகை. லீ இன்றைக்கு இருந்தால் கையில் போனோடு தண்டவாளத்தில் நின்றிருப்பார் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. என்னுடைய கடைசி மூன்று வருடங்களில் நிருபர்களிடமிருந்து வந்த போன்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் ஆரம்பிக்கும்: "சார், ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்கேன், பார்த்தீங்களா?" நீங்கள் அனுப்பிய குறிப்பைப் பற்றிக் கேட்க அவர்கள் கூப்பிடுவதில்லை. அந்த நாலு நிருபர்களும் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உங்கள் மக்கள் தொடர்புக்காரரிடமே கேட்டுப் பாருங்கள்.

ஜூன் 5, இரவு 10:42

இரண்டு கம்பெனிகள். இரண்டும் 2017. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டியவை.

முதலில் ஏப்ரல் மாதத்து விஷயம். யுனைடெட் ஏர்லைன்ஸ், ஏப்ரல் 9. உட்கார்ந்திருந்த பயணி ஒருவரை இருக்கையிலிருந்து இழுத்துக்கொண்டு போன வீடியோ. சக பயணிகள் எடுத்தது, ஒன்றுக்கு மேல். மறுநாள் தலைமை அதிகாரி ஆஸ்கர் முனோஸ் ட்விட்டரில் ஒரு அறிக்கை போட்டார். அதில் "இந்த வாடிக்கையாளர்களுக்கு மாற்று ஏற்பாடு செய்யவேண்டி வந்ததற்கு வருந்துகிறேன்" என்கிற தோரணையில் ஒரு வரி. ரத்தம் வழிகிற முகத்தை உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது, இவர் இருக்கை மாற்று ஏற்பாடு பற்றிப் பேசுகிறார். அதே நாளில் ஊழியர்களுக்கு அவர் எழுதிய கடிதமும் கசிந்தது, அதில் தப்பு பயணியின் மேல் என்கிற தொனி. அதற்கும் மறுநாள்தான் முழு மன்னிப்பு வந்தது. அதற்குள் ஏளனம் எல்லை தாண்டிவிட்டது. கவனியுங்கள்: அவர்கள் சமூக ஊடகத்தில் இருந்தார்கள், வேகமாகவும் பேசினார்கள். கணக்கு மட்டும் புதிது, எழுதின ஆள் பழைய அறிக்கை எழுதுகிற ஆள். எங்கள் 'அசௌகரியம்' ஆசாமியின் ஒன்றுவிட்ட தம்பி. (அந்த அசௌகரியம் ஆசாமி நான்தான்.)

மற்றது ஜனவரி 31. கிட்லேப், மென்பொருள்காரர்கள் தாங்கள் எழுதுகிற நிரல்களைச் சேமித்துவைக்கிற சேவை. ராத்திரி வேலையில் களைத்துப்போன ஒரு இன்ஜினீயர் எந்த சர்வரில் இருக்கிறோம் என்பதைக் குழப்பிக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸையே அழிக்க ஆரம்பித்துவிட்டார். சட்டென்று நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 ஜிபி போய்விட்டது, 4.5 ஜிபி மிச்சம். பேக்கப் எடுக்க ஐந்து வழி வைத்திருந்தார்கள், ஐந்தில் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை. இதையெல்லாம் நான் எப்படிச் சொல்கிறேன்? அவர்களே எழுதினார்கள். மீட்புப் பணியின் குறிப்பேட்டைப் பொது ஆவணமாகத் திறந்து வைத்து, ட்விட்டரில் சொல்லி, யூடியூபில் நேரலையே ஓட்டினார்கள். வாடிக்கையாளர்களின் ஆறு மணி நேர டேட்டா நிரந்தரமாகப் போனது. ஜனங்கள் திட்டினார்கள், ஆனால் அதைவிடப் பெரிய கூட்டம் ஆலோசனை சொல்லிக்கொண்டு கூடவே உட்கார்ந்திருந்தது. அழித்தவரை வேலையைவிட்டுத் தூக்காதீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களே கேட்டார்கள். தூக்கவும் இல்லை.

எல்லா நிறுவனமும் நேரலை ஓட்டவேண்டும் என்று சொல்லவரவில்லை. கிட்லேப் பொதுவாகவே தன் உள்விவகாரங்களைத் திறந்து வைத்து வேலை செய்கிற நிறுவனம், அவர்களுக்கு அது பழக்கம். பழக்கமில்லாதவன் திடீரென்று சட்டையைக் கழற்றினால் பார்ப்பவர்களுக்கும் கூச்சம், அவனுக்கும் குளிர்.

ஜூன் 6, காலை 9:15

தூங்கப் போகும்போது நினைவு வந்தது, சிரித்துக்கொண்டே தூங்கினேன். 2013ல் தந்தையின் பெட்டியைத் தொலைத்ததற்காக பிரிட்டிஷ் ஏர்வேஸ் மேல் கடுப்பான ஒரு பயணி, ட்விட்டருக்குக் காசு கட்டி, தன் புகாரையே விளம்பரமாக ஓடவிட்டார். ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். பல மணி நேரம் கழித்து நிறுவனத்தின் பதில்: தாமதத்துக்கு மன்னிக்கவும், எங்கள் ட்விட்டர் காலை 9 முதல் மாலை 5 வரைதான் திறந்திருக்கும்.

விமானம் மட்டும் இருபத்துநாலு மணி நேரமும் பறக்கும்.

ஜூன் 6, பிற்பகல் 3:02

கேட்டவர் கேட்கிறார்: "நீங்கள் சொல்வதெல்லாம் தீயணைப்பு வேலையாக இருக்கிறது. தீப்பிடிக்காத நாளில் என்ன செய்வது?"

நல்ல கேள்வி. நேற்றுவரை எழுதியதில் இதை விட்டுவிட்டேன்.

தீப்பிடித்த அன்றைக்குக் கணக்கு தொடங்கினால் யாரும் நம்பமாட்டார்கள். எண்ணெய்க் கிணறு வெடித்த 2010ல் பிபி நிறுவனத்தின் பெயரில் கேலிக்காக ஒருவர் ட்விட்டர் கணக்கு தொடங்கினார். நிஜக் கணக்கைவிட அந்தப் போலிக் கணக்குக்குப் பல மடங்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். கடலில் எண்ணெய் கொட்டிக்கொண்டிருக்கும்போது கம்பெனியின் குரல் எது, கேலியின் குரல் எது என்று தெரியாமல் சிலர் குழம்பியதும் நடந்தது. 2022 நவம்பரில் இன்னும் விபரீதம். 'இது நிஜக் கணக்குதான்' என்பதற்கு அடையாளமாக இருந்த நீலக்குறியை ட்விட்டர் காசு கொடுத்தவர்களுக்கெல்லாம் கொடுக்க ஆரம்பித்த கையோடு, எலி லில்லி மருந்துக் கம்பெனியின் பெயரில் ஒருவர் போலிக் கணக்கு எடுத்து "இனி இன்சுலின் இலவசம்" என்று போட்டார். நிஜ எலி லில்லி வந்து, அது நாங்கள் இல்லை, தவறான தகவல் பெற்றவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம் என்று அறிவிக்கவேண்டியதாயிற்று. அவர்களுக்கு ஒரு நிஜக் கணக்கு ஏற்கெனவே இருந்தது, ஜனங்களுக்கு அது பழக்கப்பட்ட கணக்கு. அதுவும் இல்லாமல் இருந்தால் மறுப்பை எங்கே போட்டிருப்பார்கள்? அடுத்த நாள் பேப்பரிலா?

அதனால் தீப்பிடிக்காத நாளில் செய்வது, 'இது அவர்கள்தான்' என்று ஜனங்கள் கண்ணுக்குப் பழக்கப்படுத்துவது. என்ன போடுவது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளவேண்டாம். உங்கள் சர்வீஸ் போனில் தினமும் திரும்பத் திரும்ப வருகிற கேள்வி பத்து இருக்குமே, அதற்குப் பதில் போடுங்கள். ஆடம்பரம் வேண்டாம். எங்கள் இன்ஜினீயர் அன்றைக்கு எழுதிய அந்தப் பதிலை அடுத்த வருடம் பக்கத்தின் தலையில் குத்திவைத்தோம். நான் அங்கே எழுதிய எந்த அறிக்கையையும் அதில் பத்தில் ஒரு பங்கு பேர் படித்திருக்கமாட்டார்கள்.

ஜூன் 6, இரவு 9:38

பழைய பின்குறிப்பு ஒன்று பாக்கி. ஜூன் 3 இரவு எழுதிய கதையில் ஒரு பாதியை மறைத்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு, அறிக்கை கைகைமாறிக்கொண்டிருந்த நேரத்தில், மேலே இருந்து ஒரு கேள்வி வந்தது: "இதை அழிக்க முடியுமா?" வீடியோ அந்தப் பெண்மணியின் பக்கத்தில் இருந்தது, அதைத் தொட முடியாது. ஆனால் எங்கள் பக்கத்தில் வந்து அதன் இணைப்பைப் போட்டிருந்த ஏழு கமென்டுகளை அழிக்கமுடியும். ஏஜென்சிப் பையனுக்கு போன் போட்டு அழிக்கச் சொன்னது நான்தான். இருபது நிமிடத்தில் அழித்த கமென்டின் ஸ்கிரீன்ஷாட் சிவப்பு வட்டத்தோடு வந்துவிட்டது. அதுவரை சொட்டுகிற வால்வு பற்றிய பேச்சாக இருந்தது. அதற்குப் பிறகு 'மறைக்கிறார்கள்' என்ற பேச்சாக மாறியது. வால்வு மாற்றிவிடலாம். அந்தப் பேச்சை மாற்ற எங்களுக்கு ஒரு வருடம் ஆயிற்று.

2003ல் பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசண்ட் தன் கடற்கரை வீடு தெரிகிற வான்வழிப் படத்தை நீக்கச் சொல்லி வழக்குப் போட்டார். வழக்குக்கு முன் அந்தப் படத்தை ஆறு முறைதான் தரவிறக்கியிருந்தார்கள், அதில் இரண்டு அவருடைய வக்கீல்களே. வழக்குச் செய்தி வந்த அடுத்த மாதம் 4,20,000க்கு மேற்பட்டவர்கள் போய்ப் பார்த்தார்கள். மறைக்கப்போய் ஊருக்கே காட்டுவதற்கு இன்றைக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்தக் கதை அன்றைக்கே தெரியும் என்பதுதான் வேடிக்கை. ஒரு பயிலரங்கில் நானே சொல்லியிருக்கிறேன், ஸ்லைடு போட்டு.

ஆபாசம், மிரட்டல், அடுத்தவரின் போன் நம்பர், இவற்றை அழியுங்கள். என்னென்ன அழிப்போம் என்று பக்கத்திலேயே முன்கூட்டி எழுதிவையுங்கள். புகாரை அழிக்காதீர்கள்.

ஜூன் 7, காலை 11:26

"எங்கள் ஆடிட்டர் இதிலெல்லாம் சட்டச் சிக்கல் வரும் என்கிறார்." வரும். ஆபீசில் ஒரு ஆளை நியமிப்பதிலும் வரும். பங்குச்சந்தையில் இருக்கிற நிறுவனம் என்றால் ரொம்பவே கவனம் வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் 2012ல் தன் சொந்த ஃபேஸ்புக் பக்கத்தில், ஒரே மாதத்தில் ஜனங்கள் நூறு கோடி மணி நேரத்துக்கு மேல் பார்த்துவிட்டார்கள் என்று பெருமையாகப் போட்டதற்கு அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் விசாரணையே வைத்தது. ஆனால் 2013 ஏப்ரலில் அந்த ஆணையம் சொன்ன முடிவு: எந்தக் கணக்கில் சொல்லப்போகிறோம் என்று முதலீட்டாளர்களிடம் முன்பே அறிவித்துவிட்டால் சமூக ஊடகத்திலேயே சொல்லலாம். உங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை. அறுபது பேர், சந்தையில் இல்லை. ஆடிட்டருக்கு வணக்கம் சொல்லுங்கள்.

ஜூன் 7, இரவு 10:10

எதிர்வாதம் யாரும் வைக்கவில்லை, நானே வைக்கிறேன். இத்தனை நாள் ஒரே பக்கம் பேசியாயிற்று.

முதலாவது, எல்லா இடத்திலும் இருக்கவேண்டும் என்று யாராவது சொன்னால் அவருக்கு அதில் கமிஷன் இருக்கிறது. கூகுள் பிளஸுக்காக நாங்கள் நாலு மாதம் உட்கார்ந்து திட்டம் போட்டோம். 2019ல் அதையே மூடிவிட்டார்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் உண்மையிலேயே எங்கே பேசுகிறார்களோ அந்த ஒரு இடம், முடிந்தால் இரண்டு. அதற்கு மேல் வேண்டாம்.

இரண்டாவது, இது வாடகை வீடு. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸப் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. "சரிசெய்துகொண்டிருக்கிறோம்" என்று சொல்ல ஃபேஸ்புக்கே ட்விட்டருக்குப் போகவேண்டி வந்தது. ஊருக்கே வீடு கட்டிக் கொடுத்தவர் எதிர்வீட்டுத் திண்ணையில் படுத்த கதை. அதனால் முழு விவரமும் உங்கள் சொந்த இணையதளத்தில் இருக்கட்டும், அங்கே இருந்து இணைப்பை வெளியே கொடுங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு நிஜமாகவே உறுத்துவது. அந்த மேஜையில் உட்காருகிற ஆள். நாள் முழுக்கத் திட்டு வாங்கி, சிரித்துப் பதில் எழுதி, உள்ளே போய் யாரிடமாவது கெஞ்சி ஒரு சர்வீஸ் ஆளை அனுப்பவைக்கிற வேலை அது. எங்கள் பிரிவில் இதைச் செய்த பெண் எட்டு மாதத்தில் ராஜினாமா செய்தாள். போகிற அன்று சொன்னாள், "வெளியே இருக்கிறவங்க திட்டினது பரவாயில்ல சார், பதில் சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் இல்லாததுதான் தாங்கல." இளசுகள்தானே கேட்கிறார்கள், அவர்களிடமே விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். பாஸ்வேர்டோடு கூட ஒரு வால்வை இலவசமாக மாற்றித்தர ஒத்துக்கொள்கிற அதிகாரத்தையும் கொடுத்தால்தான் அது வேலை. இல்லையென்றால் கொடும்பாவிதான், கொளுத்துவதற்கு.

ஜூன் 8, காலை 7:33

ராத்திரி எழுதியதைப் படித்தால் பயமுறுத்துகிற மாதிரி இருக்கிறது. தப்பு நடந்தாலும் வானம் இடிந்து விழாது என்பதற்கு ஒன்று. 2011ல் அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்தில் ஒரு ஊழியர், தன் சொந்தக் கணக்கு என்று நினைத்து, பீர் கிடைத்துவிட்டது, இன்றைக்குக் கச்சேரிதான் என்கிற மாதிரி சங்கத்தின் கணக்கில் போட்டுவிட்டார். சங்கம் அதை நீக்கிவிட்டு என்ன எழுதியது தெரியுமா: நீக்கிவிட்டோம், செஞ்சிலுவைச் சங்கம் நிதானத்தில்தான் இருக்கிறது, சாவியைப் பறிமுதல் செய்துவிட்டோம். ஜனங்கள் சிரித்தார்கள், பீர்ப் பிரியர்கள் நன்கொடையும் கொடுத்தார்கள். எங்கள் 'அசௌகரியம்' ஆபீசாக இருந்திருந்தால் விசாரணைக் கமிட்டி போட்டிருப்போம்.

ஆமாம், முந்தாநாள் புகாரை அழிக்காதே என்றேன், இங்கே நீக்கியதைப் புகழ்கிறேன். தன் பதிவைத் தானே நீக்கிவிட்டு, நீக்கினேன் என்று சொல்வது வேறு.

ஜூன் 9, மாலை 5:50

கேட்டவர் தேடிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். மேப்பில் மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு கேள்வி, சனிக்கிழமை திறந்திருக்குமா என்று, பதில் இல்லாமல் கிடக்கிறதாம். இன்னொன்று யூடியூபில். அவர்கள் தயாரிக்கிற மிஷினின் மூடி மாட்டிக்கொண்டால் எப்படித் திறப்பது என்று யாரோ ஒருவர் போட்ட வீடியோ. பதினாலாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். கீழே வாடிக்கையாளர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் அந்த மனிதரே பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார், சம்பளம் இல்லாமல். "ஒருத்தர்கூடத் திட்டவில்லை, எனக்குத்தான் என்னவோ மாதிரி இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்.

இருக்கும். லோகோ, பேனர், ஏஜென்சி எல்லாம் அப்புறம். முதலில் சனிக்கிழமைக் கேள்விக்குப் பதில் போடுங்கள், மூன்று வருடம் தாமதம் என்று ஒப்புக்கொண்டே போடுங்கள். அந்த வீடியோவுக்குக் கீழே உங்கள் சொந்தப் பெயரில், இன்ன நிறுவனத்தில் இருக்கிறேன் என்று சொல்லி, அவருக்கு நன்றி எழுதுங்கள். இலவசப் பரிசு அனுப்புகிறேன் என்றெல்லாம் பொதுவில் ஆரம்பிக்கவேண்டாம், அவரை உங்கள் ஆள் என்று நினைத்துவிடுவார்கள். அவர் பயன்படுத்துகிற ஸ்க்ரூடிரைவர் தப்பான அளவு, அதனால்தான் மரை தேய்கிறது என்று சொன்னீர்களே, அதையும் சரியான அளவையும் அங்கேயே எழுதுங்கள்.

ஜூன் 9, இரவு 8:15

எழுதிவிட்டாராம். அரை மணி நேரத்தில் ஏழு பேர் கேள்வி கேட்டிருக்கிறார்கள், ஒருவர் மூடி உடைந்த படத்தையே போட்டிருக்கிறார், "இப்போது என்ன செய்வது?" என்று என்னைக் கேட்கிறார்.

என்னை ஏன் சார் கேட்கிறீர்கள்? உங்கள் சர்வீஸ் ஆளை எழுப்புங்கள்.